ஒத்திகையில் இல்லாதவர்

டீச்சரக்கா முதலில் கதவைத் தட்டுகிறார். தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். கதவின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்குகிறது, அதன் சாவி அவர் கையிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களால் திறக்கவும் முடியாது, வராதே என்று தடுக்கவும் முடியாது. இருந்தாலும் உள்ளேயிருந்து எவனாவது ஒருவன் "வாங்கக்கா" என்று குரல் கொடுத்த பிறகுதான் சாவியை நுழைப்பார். ஒருநாள் பையன்கள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், பார்க்கலாம் இந்த அம்மா என்னதான் செய்கிறது என்று. டீச்சரக்கா சுவரில் சாய்ந்தார், காலை மாற்றி மாற்றி நின்றார், கடைசியில் வெளியிலிருந்தே சத்தம் போட்டார்: "டேய், முட்டி வலிக்குதுடா. வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைங்க, நான் போய் உக்காந்துக்கறேன்!" உள்ளே சிரிப்பு வெடித்தது. அன்றிலிருந்து யாரும் அவரை நிற்க வைத்ததில்லை.

டீச்சர் என்று பெயரே தவிர அவர் எந்தப் பாடமும் நடத்துவதில்லை. அக்கா என்று கூப்பிட்டாலும் பையன்களில் பாதிப் பேருக்கு அம்மாவைவிட மூத்தவர். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவன் டீச்சர் என்றானாம், இன்னொருவன் அக்கா என்றானாம், எது சரி என்று இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஒருவன் இரண்டையும் ஒட்டவைத்துச் சண்டையைத் தீர்த்தான். அந்த மூவரும் எப்போதோ போய்விட்டார்கள். பெயர் மட்டும் ஒரு கூட்டத்திடமிருந்து அடுத்த கூட்டத்துக்குக் கைமாறிக்கொண்டே வருகிறது. சம்பளப் பட்டியலில் அவர் சமூகப் பணியாளர். வேலை பார்க்கும் இடம், குற்றம் செய்த சிறார்களைத் திருத்தி அனுப்புவதற்கென்று இருக்கும் இல்லம். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "பசங்களுக்கு வீட்டை ஞாபகப்படுத்தறேன். வீட்டுக்குப் பசங்களை ஞாபகப்படுத்தறேன். ரெண்டு பேருமே மறந்துடத்தான் பாக்கறாங்க."

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு நகவெட்டி இருக்கும். இல்லத்தில் ஆலோசனை அறை என்று ஒன்று உண்டு. மெத்தை போட்ட இரண்டு நாற்காலி, சுவரில் சூரியன் உதிக்கிற படம், மேஜைமேல் பிளாஸ்டிக் பூ. அந்த அறையில் இதுவரை எந்தப் பையனும் ஒரு உண்மையைச் சொன்னது கிடையாது. டீச்சரக்கா முற்றத்துப் படியில் உட்கார்ந்து, ஒருவனைக் கூப்பிட்டு, "கையக் காட்டு, ஐயோ, கோழி மாதிரி வெச்சிருக்கான் பாரு" என்று நகம் வெட்டத் தொடங்குவார். கை இன்னொருவரின் பிடியில் இருக்கும்போது எழுந்து ஓட முடியாது. முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயமும் இல்லை, இருவரும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுண்டு விரலில் தொடங்கி நடுவிரலுக்கு வருவதற்குள் எவனும் பேச ஆரம்பித்துவிடுவான். அப்பன் அடித்தது, அம்மா போனது, கத்தி எங்கே கிடைத்தது எல்லாம் வரும். கட்டைவிரல் முடிந்ததும் டீச்சரக்கா வெட்டிய துண்டுகளை முந்தானையில் கூட்டிக்கொண்டு, "அது இருக்கட்டும், சாப்பிட்டியா?" என்பார். அவ்வளவுதான் ஆலோசனை!

இதையெல்லாம் படித்துவிட்டு அவர் கை பட்ட பையன்கள் எல்லாம் தேறிவிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தேறுவதில்லை. போனவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள், அல்லது பெரிய இடத்துக்குப் போகிறார்கள். பெரிய இடம் என்றால் வளர்ந்தவர்களின் சிறை. பையன்கள் அந்த வார்த்தையை உச்சரிக்கமாட்டார்கள், 'பெரிய இடம்' என்று மட்டும் சொல்வார்கள். டீச்சரக்காவின் வீட்டில் காலையில் செய்தித்தாளை முதலில் பிரிப்பவர் அவர் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குற்றச் செய்தி வரும் பக்கத்தைத் தனியாக உருவி, தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மீதியை நீட்டுவார். "அந்தப் பக்கம் எங்க?" என்பார் டீச்சரக்கா. "இன்னிக்கு அந்தப் பக்கம் அச்சடிக்கலையாம்" என்பார் கணவர். எத்தனையோ வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேரும் சிரிப்பதில்லை.

பேருந்தில், சந்தையில், மருத்துவமனை வரிசையில் பழைய பையன்கள் எதிர்ப்படுவார்கள். மீசை வைத்திருப்பான், பக்கத்தில் மனைவி நிற்பாள், தோளில் குழந்தை இருக்கும். அவன் முகம் வெளுப்பதற்கு முன்பே டீச்சரக்கா தலையைத் திருப்பிக்கொள்வார். அறிமுகமே இல்லாதவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். "என்னைத் தெரியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு அந்தப் பொண்ணு கேக்கும். அவன் என்ன சொல்லுவான் பாவம்?" என்பார். தான் வளர்த்தவர்களைத் தெருவில் பார்த்தும் பார்க்காமல் போவது அவர் வேலையின் ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குச் சம்பளம் கிடையாது.

ஒரு பையனை வெளியே அனுப்ப வேண்டுமென்றால், அவனை ஏற்க ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைத் தயார் செய்வதுதான் டீச்சரக்காவின் முக்கிய வேலை, அதில் அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்காரர்கள் "அனுப்புங்க, பாத்துக்கறோம்" என்று எத்தனை தடவை தலையாட்டினாலும் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டார். "சரி, எங்க படுப்பான்?" என்று கேட்பார். தரையில் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். "அதெல்லாம் எங்கயாவது படுத்துக்குவான்" என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இடம் காட்டாத சம்மதம் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது என்பது அவர் அனுபவம்.

இப்போது பல்லழகனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனைச் சொல்லாமல் டீச்சரக்காவைச் சொல்ல முடியாது.

பயம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். அதுதான் அவனுடைய கேடு. எல்லோருக்கும் பயத்தில் வாய் உலரும், இவனுக்குப் பல் தெரியும். அப்பன் பெல்ட்டைக் கழற்றும்போது சிரித்தான், சிரித்ததற்காக இன்னும் அதிகமாக வாங்கினான். போலீஸ்காரர் அறைந்தபோது சிரித்தான். பையன்கள் அவனுக்குப் பல்லழகன் என்று பெயர் வைத்தார்கள். பதினாறு வயதில், கூட இருந்த இரண்டு தடியன்கள் சொன்னார்கள் என்று ஒரு கைபேசி பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடிமேல் கல்லை எறிந்தான். கடை மூடியிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். உள்ளே கடைக்காரர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லு அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. தடியன்கள் ஓடிவிட்டார்கள். இவன் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். முதல் விசாரணையில் கடைக்காரர் கண்ணில் கட்டோடு வந்து நின்றபோதும், கடவுளே, சிரித்துவிட்டான். நீதிபதி பார்த்தார், கடைக்காரரும் மிச்சமிருந்த கண்ணால் பார்த்தார். அதன்பிறகு அவர் எந்த விசாரணைக்கும் வரவில்லை.

இப்போது பையனுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. ஆனபிறகு இல்லத்தில் வைத்திருக்க முடியாது. கடைசியாக ஒரு விசாரணை. அதில் இரண்டில் ஒன்று முடிவாகும். ஒன்று, அவனுடைய கூடப்பிறந்த அக்கா வீடு. இல்லையென்றால் மிச்சத் தண்டனைக்குப் பெரிய இடம்.

அக்கா வீட்டுக்கு டீச்சரக்கா நடையாய் நடந்தார். ஒற்றை அறை, ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் அடுப்பு. அக்காக்காரி தையல் வேலை செய்கிறவள், தம்பி என்ற பேச்சை எடுத்தாலே கண் நிரம்பிவிடும். அவள் கணவன் மோட்டார் பட்டறைக்காரன், நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மேடம், நாளைக்கு அவன் என் பிள்ளைக்கு எதைக் கத்துக் குடுப்பான்? கல்லெறியவா?"

"ஒழுங்கா நகம் வெட்டிக்கக் கத்துக் குடுப்பான்" என்றார் டீச்சரக்கா. "உங்க பிள்ளைக்கு அது தேவைதான் போல இருக்கு. கையப் பாருங்க."

"நீங்க சிரிக்க வெச்சே சம்மதம் வாங்கிடுவீங்க."

"வாங்கினேனா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"எனக்கு மச்சான்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அவன் மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது மேடம். எதுக்கெடுத்தாலும் இளிக்கிறான்."

"அது இளிப்பு இல்ல தம்பி. அவனுக்கு அழத் தெரியாது. அந்த இடத்துல இது வருது."

பட்டறைக்காரன் கைவிரல் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். டீச்சரக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சரி, எங்க படுப்பான்?" அறையில் இடமே இல்லை. அக்காக்காரி எழுந்தாள். ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைத் தனியாளாக இழுக்க ஆரம்பித்தாள். தரையில் கரகரவென்று சத்தம் வந்தது. பாதி தூரம் போனதும் கணவன் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தான். மெஷின் நகர்ந்த இடத்தில் தூசியும், நூல் துண்டுகளும், தொலைந்துபோயிருந்த ஒரு பொத்தானும் கிடந்தன. "இங்க" என்றாள் அக்காக்காரி, மூச்சு வாங்க. டீச்சரக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இல்லத்துக்குத் திரும்பிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், முட்டி வலியாவது ஒன்றாவது!

வீடு கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்தச் சிரிப்பு. அதற்கு மருந்து, ஒத்திகை.

விசாரணைக்கு முன்னால் ஒவ்வொரு பையனுக்கும் டீச்சரக்கா ஒத்திகை வைப்பார். சாப்பாட்டுக் கூடத்தின் மேஜைகளைத் தள்ளிப் போட்டு நீதிமன்றம் அமைப்பார்கள். நீதிபதியாக டீச்சரக்காவே உட்காருவார், தோளில் ஒரு கறுப்புத் துண்டு. குண்டுப் பையன் ஒருவன் போலீஸ், அவனுக்குப் பெல்ட்டுக்குப் பதில் சணல் கயிறு. வாயாடி ஒருவன் வக்கீல். "கனம் நீதிபதி அவர்களே, இவன் தங்கமான பையன், நேத்து என் சோப்பைத் திருடினதைத் தவிர எந்தக் குற்றமும் செய்யல" என்று ஆரம்பிப்பான். கூடம் அதிரும். இல்லத்தின் காவலாளிகூட வாசலில் சாய்ந்து நின்று பார்ப்பார். ஒரு சாயங்காலம் முழுக்க அந்தக் கட்டடத்தில் பூட்டே இல்லாததுபோல இருக்கும்.

பல்லழகனோடு இது விளையாட்டாக இல்லை. "பேரென்னப்பா?" என்று டீச்சரக்கா குரலைக் கனமாக்கிக் கேட்டதுமே அவன் உதடு இழுத்துக்கொள்ளும். பல் தெரியும். "நிறுத்து. மறுபடி." மறுபடியும் பல். அவனே வெறுத்துப்போய் வாயில் அறைந்துகொண்டான். டீச்சரக்கா அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகுதான் அந்த யோசனை வந்தது. அவருடைய தலைக்கு மேலே சுவரில் காரை பெயர்ந்து ஒரு வட்டம் இருந்தது. "என் மூஞ்சியப் பாக்காதே. யார் மூஞ்சியையும் பாக்காதே. அந்த ஓட்டையப் பாரு. அதையே பாத்துக்கிட்டு, மனப்பாடமா சொல்லு. சிரிப்பு வர்ற மாதிரி இருந்தா இன்னும் நல்லாப் பாரு."

வேலை செய்தது! சுவரைப் பார்த்தால் அவன் முகம் கல்லாக நின்றது. சொல்லவேண்டியதை இருவருமாகச் சேர்ந்து எழுதினார்கள், டீச்சரக்கா அவனுடைய வார்த்தைகளைத் தேய்த்து வழவழப்பாக்கினார். 'நான் செஞ்சது பெரிய தப்பு. அதனால ஒருத்தருக்கு ஏற்பட்ட இழப்பை என்னால ஈடுகட்ட முடியாது. மனப்பூர்வமா மன்னிப்புக் கேட்டுக்கறேன், மேடம்.' குளிக்கும்போது சொன்னான், துணி துவைக்கும்போது சொன்னான். அடுத்த படுக்கைக்காரன், "தூக்கத்துல எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான் அக்கா இவன், நானும் போனாப் போகுதுன்னு மன்னிச்சிட்டேன்" என்றான். நீதிமன்ற அறையின் சுவரில் ஓட்டைக்குப் பதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டீச்சரக்கா தனியாக ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நீதிபதியின் தலைக்கு மேலே ஒரு கடிகாரம். "கடிகாரத்தப் பாரு" என்று வந்து சொன்னார்.

ஒத்திகையில் நீதிபதிக்கு ஆள் இருந்தார். போலீசுக்கு, வக்கீலுக்கு ஆள் இருந்தார்கள். அக்காவாக நடிக்க ஒருவன் தலையில் துண்டு போட்டுக்கொண்டு அழுதான். கடைக்காரராக யாரையும் உட்கார வைக்கவில்லை. அவர்தான் வருவதில்லையே.

ஆனால் காரணம் அது மட்டுமில்லை. மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் டீச்சரக்கா அந்தக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நாமே போய்ப் பார்த்து, பையனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனார். தெருமுனையில் நின்று பார்த்தார். கடையில் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு கைபேசியைப் பிரித்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரே கண்ணை அதற்கு மிக அருகில் கொண்டுபோய், பறவை தானியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னத் திருகாணி அவர் கையிலிருந்து நழுவியது. மேஜை முழுக்கத் தடவினார். அது விரலுக்குப் பக்கத்திலேயே, இடதுபுறம் கிடந்தது. டீச்சரக்காவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. டீச்சரக்கா திரும்பி நடந்துவிட்டார். குற்றம் செய்த பையன்களின் வீடுகள் எத்தனையோ ஏறி இறங்கியவருக்கு, அடிபட்டவரின் கடைப்படி ஒன்றை ஏறக் கால் வரவில்லை. "என் வேலை இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டார்.

விசாரணை நாளில் அக்காக்காரி விடியலிலேயே வந்து காத்திருந்தாள். தம்பிக்குச் சலவைச் சட்டை, நாடா கட்டும் கறுப்புத் தோல் சப்பாத்து கொண்டுவந்திருந்தாள். சப்பாத்து அவள் கணவன் வாங்கியது. "போட்டுக்கச் சொல்லுங்க, பட்டறைக்கு வரும்போது இதெல்லாம் வேணாம், வீணாயிடும்" என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான். பட்டறைக்கு வரும்போது என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது! டீச்சரக்கா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பெயரைக் கூப்பிட்டு உள்ளே போனால், முன்வரிசையில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

டீச்சரக்காவின் கைப்பை நழுவியது. பையன் இன்னும் பார்க்கவில்லை, சொல்லிக்கொடுத்தபடியே கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். நீதிபதி அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் ஏதோ சொல்ல விரும்புகிறார் என்றார்.

கடைக்காரர் எழுந்தார். "நான் சண்டை போட வரலம்மா. கண்ணு போனது போச்சு, இவனை உள்ள வெச்சா திரும்பியா வரப்போகுது? இவன் அன்னிக்குச் சிரிச்சான். அதுதான் எனக்குத் தாங்கல. இப்ப வளந்திருப்பான். என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். பையன் வீட்டுக்குப் போகட்டும்."

இதைவிட ஒரு மனிதர் என்ன கொடுக்க முடியும்? அக்காக்காரி கும்பிட்டாள். கதவு திறந்தே விட்டது. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்.

"சொல்லுப்பா" என்றார் நீதிபதி.

பல்லழகன் கடிகாரத்தைப் பார்த்தான். "நான் செஞ்சது பெரிய தப்பு..."

"அவரைப் பாத்துச் சொல்லு."

அவன் திரும்பினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தான். இடது இமை உள்வாங்கி ஒட்டிக்கிடந்தது. வலது கண் இவனையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரக்கா பையனின் உதட்டைப் பார்த்தார். ஓரம் இழுக்க ஆரம்பித்தது. பல் வரப்போகிறது. கடவுளே, வந்தால் வரட்டும், அவரையே பார்த்துக்கொண்டு நில்லுடா என்று டீச்சரக்காவின் நெஞ்சு கத்தியது, வாய் திறக்கவில்லை. பையன் சொல்லிக்கொடுத்ததைச் செய்தான். நன்றாகக் கற்ற பிள்ளை. வெடுக்கென்று கழுத்தைத் திருப்பி, கடிகாரத்தில் கண்ணைப் பதித்து, கல்லாக முகத்தை வைத்துக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். "அதனால ஒருத்தருக்கு ஏற்பட்ட இழப்பை என்னால ஈடுகட்ட முடியாது. மனப்பூர்வமா மன்னிப்புக் கேட்டுக்கறேன், மேடம்."

கடைக்காரரைப் பார்த்து, மேடம்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். கடைக்காரர் பையனிடமிருந்து நீதிபதி பக்கம் திரும்பினார். "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று நீதிபதி கேட்டார். பையன் வாயைத் திறக்கவில்லை. தப்பித்தவறிக்கூட டீச்சரக்கா இருந்த பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. அவரைக் காப்பாற்றுகிறானாம்! டீச்சரக்கா எழுந்தார். "நான்தான்மா. எல்லாம் நான்தான். இவனுக்குப் பயம் வந்தா சிரிப்பு வரும்மா, அது ஒரு இது... வியாதி மாதிரி. அதை அடக்கறதுக்குத்தான்... சிரிக்கட்டும்மா, இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லட்டும், அவரைப் பாத்து..." வார்த்தை வார்த்தையாக உடைந்தது. நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "நீங்க உங்க பசங்களுக்காகப் பேசுவீங்கன்னு தெரியும்" என்றார். "இவன் என்ன நினைக்கிறான்னுதான் நான் தெரிஞ்சுக்கணும். எனக்குத் தெரியலையே." மிச்சக் காலம் பெரிய இடத்தில் என்று முடிவானது.

தாழ்வாரத்தில் கடைக்காரர் டீச்சரக்காவின் அருகே வந்து நின்றார். முகம் தெரிவதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். "ஒருநாள் எங்க தெருமுனையில நின்னுட்டிருந்தீங்க, நீங்கதானேம்மா?"

டீச்சரக்கா ஆமாம் என்று தலையசைத்தார்.

"யாரோ தெரியல, ஏதோ சொல்ல வந்திருக்காங்கன்னு நினைச்சேன். ஸ்டூலெல்லாம் எடுத்துப் போட்டேன். உள்ள வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்." இவ்வளவுதான் சொன்னார். சுவரில் விரலை உரசிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

பின்கட்டில் வண்டி வந்து நின்றது. அக்காக்காரி ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள், அழக்கூட இல்லை. வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கயிறு, நாடா, பெல்ட் எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே விதி. பெரிய இடத்தில் எதைக் கொண்டும் யாரும் தன்னைத்தானே எதுவும் செய்துகொண்டுவிடக் கூடாது. காவலர் பெல்ட்டை வாங்கிக்கொண்டார். சப்பாத்து நாடாவைப் பார்த்தார். "நீயே கழட்டு" என்றார். பையன் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தான், அவிழவில்லை. காவலர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். "புதுசு" என்றான் பல்லழகன். "மாமா வாங்கினது. வெட்டாதீங்க சார்." சொல்லும்போதே அவன் உதடு இழுத்துக்கொண்டது. பல் முழுக்கத் தெரிந்தது. சிரித்தான், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். காவலர், "என்னடா திமிரு?" என்றார்.

டீச்சரக்கா காவலரின் கையை நகர்த்தினார். பையனின் முன்னால் தரையில், எண்ணெய்க் கறையிலேயே, முட்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு சப்பாத்திலும் இரட்டை முடிச்சு. காலையில் யார் போட்டதோ, அவிழவே கூடாது என்று போட்டிருந்தது. நகத்தால் நெம்பினார். விரலால் இழுத்துப் பார்த்தார். முடிச்சு இறுகிக்கொண்டே போனது. மேலே பையன் சிரித்துக்கொண்டிருந்தான், காவலர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரக்கா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தார். அவனுடைய காலை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்தார்.